அகிம்சைக்கும் திட்டம் வேண்டும்: சினிமா வழியாக ஒரு தொடக்கப் பாடம்

‘செல்மா’ (2014) படத்தின் முற்பகுதியில் மார்ட்டின் லூதர் கிங் ஒரு கேள்வி கேட்கிறார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மா என்ற சிறிய ஊருக்கு அவர் தன் ஆட்களோடு வந்து இறங்கியிருக்கிறார். அங்கே அவருக்கு முன்பே வந்து வேலை செய்துகொண்டிருக்கும் மாணவர் அமைப்பின் இளைஞர்கள் இருவர் எதிரே நிற்கிறார்கள். பெரிய தலைவர் வந்து தங்கள் உழைப்பைத் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற கசப்பு அவர்களுக்கு இருக்கிறது. கிங் அதற்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டு, உள்ளூர் ஷெரீஃப் ஜிம் கிளார்க்கைப் பற்றி விசாரிக்கிறார். அவர் லாரி பிரிட்செட் மாதிரியா, புல் கானர் மாதிரியா? கானர் மாதிரிதான் என்று பதில் வருகிறது. கிங்குக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பதில்தான்.

இரண்டு பெயர்களும் நமக்குப் பழக்கமில்லாதவை. அதனால் நம் ஊரில் படம் பார்ப்பவர்கள் இந்தக் காட்சியைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அகிம்சைப் போராட்டம் எப்படி வேலை செய்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மேடைப் பேச்சுகளையும் கண்ணீரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லாரி பிரிட்செட் என்பவர் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரக் காவல்துறைத் தலைவர். 1961, 62ஆம் ஆண்டுகளில் அந்த நகரத்தில் நிறப் பாகுபாட்டுக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி நடந்தது. சிறைகளை நிரப்பி நிர்வாகத்தைத் திணறடிப்பது போராட்டக்காரர்களின் கணக்கு. பிரிட்செட் காந்தியின் முறைகளைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டவர். ஊடகங்களின் கண்முன் தடியைத் தூக்கக் கூடாது என்று தன் காவலர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார். சுற்றுவட்டாரத்துச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசி வைத்தார். பேருந்து பேருந்தாக ஆட்களைக் கைது செய்தும் அவர் ஊர்ச் சிறை நிரம்பவில்லை. கிங் சிறைக்குள் இருந்தால்தான் செய்தி என்ற நிலையில், யாரோ அபராதத் தொகையைக் கட்டிவிட, அவரை வெளியே அனுப்பிவைத்துவிட்டார்கள். 1962 ஆகஸ்டில் கிங் கையில் ஒன்றும் இல்லாமல் ஆல்பனியை விட்டுக் கிளம்பினார்.

புல் கானர் இதற்கு நேரெதிர். பர்மிங்காம் நகரத்தின் பாதுகாப்பு ஆணையர். 1963 மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாக வந்தபோது அவர்கள் மீது போலீஸ் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவினார். அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தன. அடுத்த மாதமே அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றிக் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். 1964இல் அது சட்டமானது.

ஆகவே, செல்மாவில் கிங் கேட்ட கேள்விக்குப் பொருள் இதுதான்: இந்த ஊரில் எங்களை எதிர்க்கப்போகிறவர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரிந்தவரா, தெரியாதவரா? முதல் வகை என்றால் வேறு ஊரைப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுளிக்கும். அடி வாங்குவதற்கு ஏற்ற ஊரைத் தேடிப் பிடிப்பதா, இது தந்திரம் அல்லவா என்பார்கள். எனக்கு இதில் ஒளிக்க வேண்டிய எதுவும் தெரியவில்லை. கிங்கே இதை ஒளிக்கவில்லை. பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், பேச்சுவார்த்தைக்கே வராத ஒரு சமூகத்தில் நெருக்கடியை உண்டாக்குவதுதான் நேரடிப் போராட்டத்தின் நோக்கம் என்று பச்சையாகவே எழுதினார். செல்மாவில் வன்முறை கிங் வந்த பிறகு தொடங்கியதல்ல. அது வீட்டுக்குள்ளும் வயலிலும் வாக்காளர் பதிவு அலுவலகத்து வராந்தாவிலும் ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருந்தது. கேமரா இல்லாத இடத்தில் விழுந்துகொண்டிருந்த அடியைக் கேமரா இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்ததுதான் அவர் செய்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்களும் தாமாக முன்வந்து கொடுத்தார்கள்.

மூன்று தரப்பு

இந்தப் போராட்ட முறையை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜீன் ஷார்ப். 1973இல் வெளியான தன் பெரிய நூலில் வேலைநிறுத்தம், புறக்கணிப்பு, வரிமறுப்பு, ஊர்வலம் என்று 198 வகை அகிம்சை வழிகளைத் தொகுத்தார். அவருடைய அடிப்படைக் கருத்து எளிமையானது. எந்த அதிகாரமும் தன் பலத்தில் மட்டும் நிற்பதில்லை. கீழ்ப்படிகிறவர்கள், வரி கட்டுகிறவர்கள், கோப்பில் கையெழுத்திடுகிறவர்கள், சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தாங்குகிறார்கள். அவர்களில் யார் கையை விலக்கினால் மேலே இருப்பது ஆடும் என்று கண்டுபிடிப்பதுதான் வியூகம்.

படம் பார்க்கும்போது இதை இன்னும் சுருக்கி, மூன்று தரப்பாக வைத்துக்கொள்ளலாம். போராடுகிறவர்கள், எதிரே நிற்கிறவர்கள், பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். சண்டைப் படத்தில் முதல் இரண்டு தரப்பு போதும். அகிம்சைப் போராட்டத்தில் முடிவைத் தீர்மானிப்பது மூன்றாவது தரப்பு. ‘செல்மா’வில் ஜிம் கிளார்க்கின் மனம் மாறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவருடைய மனத்துக்காக அங்கே யாரும் நடக்கவும் இல்லை. வரவேற்பறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் வடமாநில வெள்ளையர், அவர் வாக்கை எண்ணிப் பார்க்கும் வாஷிங்டன் அரசியல்வாதி, எல்லாவற்றுக்கும் மேலாக அதிபர் லிண்டன் ஜான்சன் ஆகியோருக்காகத்தான் அந்த நடை.

‘காந்தி’ (1982) படத்தின் தாராசனை உப்பளக் காட்சியில் இந்தக் கணக்கு அப்பட்டமாகத் தெரியும். வரிசை வரிசையாகத் தொண்டர்கள் முன்னே போகிறார்கள், தடியடி விழுகிறது, விழுந்தவர்களைப் பெண்கள் இழுத்துப் போய்க் கட்டுப்போடுகிறார்கள், அடுத்த வரிசை வருகிறது. படத்தில் இதைப் பார்த்துத் தொலைபேசியில் செய்தி சொல்லும் வாக்கர் என்ற நிருபர் கற்பனைப் பாத்திரம். 1930 மே 21 அன்று அங்கே உண்மையில் நின்று எழுதியவர் யுனைடெட் பிரஸ் நிருபர் வெப் மில்லர். காந்தி அதற்கு முன்பே கைதாகிவிட்டார்; தொண்டர்களை முன்நின்று நடத்தியவர் சரோஜினி நாயுடு. மில்லரின் செய்தி உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வெளியானது. அந்த நிருபர் இல்லாமல் அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அடி அதே அடியாகத்தான் இருந்திருக்கும், லண்டனுக்குத்தான் கேட்டிருக்காது.

கோரிக்கை எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்

விடுதலை, சமத்துவம், கண்ணியம் எல்லாம் பெரிய சொற்கள். எதிராளி அவற்றை ஒப்புக்கொண்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். உப்புக்கு வரி வேண்டாம் என்றால் அப்படித் தலையாட்ட முடியாது. காந்தி உப்பைத் தேர்ந்தெடுத்ததை முதலில் காங்கிரசுக்குள்ளேயே சிலர் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாலிநோக்கத்தில் அரசு உப்பளம் இருக்கிறது. உப்பு வாருகிறவரும் அதை வாங்குகிறவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். கடல் பக்கத்திலேயே கிடக்கும் ஒரு பொருளை அள்ளியதற்குச் சிறை என்றால், அந்தச் சட்டத்தின் அபத்தம் படிக்காதவருக்கும் புரியும். அரசாங்கம் கைது செய்தாலும் கேலிக்கு ஆளாகும், விட்டாலும் சட்டம் செத்துப்போகும். எதிராளியை இப்படி இரண்டு பக்கமும் மாட்டவைக்கும் செயலைக் கண்டுபிடிப்பதில்தான் ஒரு தலைவரின் மூளை தெரியும்.

‘செல்மா’வில் இதற்கு இணையான காட்சி ஆனி லீ கூப்பர் வாக்காளராகப் பதிவு செய்ய வரும் காட்சி. ஓப்ரா வின்ஃப்ரே நடித்திருக்கிறார். பதிவு அலுவலர் அரசியலமைப்பின் முகப்புரையைச் சொல்லச் சொல்கிறார். அந்த அம்மாள் சொல்கிறார். அலபாமாவில் எத்தனை மாவட்ட நீதிபதிகள் என்று கேட்கிறார். 67 என்று பதில் வருகிறது. சரி, அவர்கள் பெயர்களைச் சொல் என்கிறார். விண்ணப்பத்தில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற முத்திரை விழுகிறது. அந்த ஊரில் வாக்களிக்கும் வயதுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பினத்தவர். அவர்களில் பட்டியலில் இடம் பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். இது எப்படி நடந்தது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லாதபடி அந்த ஒரு காட்சி செய்துவிடுகிறது.

அதற்குப் பிறகு தலைவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து விவாதிக்கும் காட்சி வருகிறது. வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரியா, ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்ற விதியா, இந்தத் தேர்வா, எதை முதலில் உடைப்பது? விறுவிறுப்பில்லாத காட்சி என்று எங்கள் ஊரில் ஒருவர் எழுந்து டீ குடிக்கப் போனார். எனக்கு அது படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று.

யாருடைய பையில் கை வைப்பது

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில், நாங்கள் சில நண்பர்கள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து இளைஞர்களுக்கு இப்படிப் படங்கள் போட்டுக் காட்டுவதுண்டு. மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றிய ‘தி லாங் வாக் ஹோம்’ (1990) படத்தை அங்கே மிக எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள். அலபாமாவின் தலைநகரான மான்ட்கோமரியில், கறுப்பினத்தவரை இருக்கையில் பாகுபடுத்தும் பேருந்தில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்து வேலைக்கு நடந்தே போகும் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் கதை அது. ஊப்பி கோல்ட்பர்க் பெரிதாகப் பேசாமல் நடித்திருப்பார்.

அந்தப் புறக்கணிப்பு 1955 டிசம்பர் 5 முதல் 381 நாட்கள் நீடித்தது. நகரப் பேருந்துகளில் போனவர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர். எனவே அவர்கள் ஏறாவிட்டால் பேருந்து நிறுவனத்தின் வருமானம் நேரடியாக விழுந்தது. அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

இதை நம் கடற்கரையோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பாடம் கடினமாகிறது. படகையும் ஆட்களையும் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் மறுநாளே ராமேஸ்வரத்தில் மீனவர் சங்கங்கள் கூடும், வேலைநிறுத்தம் அறிவிப்பார்கள், கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்காமல் படகுகள் நிற்கும். அன்று நட்டப்படுவது யார்? படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி, ஐஸ் கம்பெனி, இறாலும் நண்டும் வாங்கும் ஏற்றுமதி வியாபாரி, கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்கள். கொழும்புக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. டெல்லிக்கும் பெரிதாக இல்லை. வேலைநிறுத்தம் ஒற்றுமையைக் காட்டும், செய்தியாகும். ஆனால் மான்ட்கோமரியில் பேருந்து நிறுவனத்தை நெருக்கியதுபோல் அது யாரையும் நெருக்குவதில்லை. அதனால்தான் அடுத்த கட்டமாக எங்கள் ஆட்கள் ரயில் மறியலுக்கும் சாலை மறியலுக்கும் போகிறார்கள். தீவுக்குள் வர ஒரே சாலைதான். 2017 மார்ச்சில் மீனவ இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது தங்கச்சிமடத்தில் அந்தச் சாலையோரத்தில்தான் நாள்கணக்கில் ஊரே உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது தரப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, பாக் நீரிணையில் அதுவும் சிக்கல்தான். அக்கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்களும் இருக்கிறார்கள். எங்கள் இழுவைமடிகள் தங்கள் வலைகளை அறுப்பதாக அவர்களும் ஊர்வலம் போகிறார்கள். 2017இல் இலங்கை இழுவைமடி மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அவர்களுடைய அனுதாபம் இல்லாமல் இந்தப் பக்கத்துப் போராட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பது ஊர்க்கூட்டங்களில் உரக்கப் பேசப்படாத கேள்வி. ஒரு நாட்டுப்படகுக்காரர் மட்டும், படம் முடிந்த பிறகு, அதைத் தானாகவே எழுப்பினார். விசைப்படகுக்காரர்கள் அவரை முறைத்துப் பார்த்தார்கள்.

சமையற்கட்டு, வண்டி, பயிற்சி

சினிமாவுக்குத் தலைவர் வேண்டும், மேடை வேண்டும், இசை வேண்டும். 381 நாட்கள் பல ஆயிரம் பேர் எப்படி வேலைக்குப் போய்வந்தார்கள் என்பது திரையில் அலுப்பூட்டும். ஆனால் மான்ட்கோமரியைத் தாங்கியது அதுதான். ஏறத்தாழ 300 கார்களை வைத்து, ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம் எல்லாம் குறித்து ஒரு போக்குவரத்துக் கழகத்தையே நடத்தினார்கள். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை ஒரே இரவில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அச்சடித்துப் பெண்கள் அமைப்பு வழியாக ஊர் முழுக்கச் சேர்த்தார். கிங்குக்கு அப்போது 26 வயது. புறக்கணிப்பைத் தொடங்கியவர் அவர் அல்ல. தொடங்கியவர்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் படம் ‘ரஸ்டின்’ (2023). 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடிய பேரணியை இரண்டு மாதங்களில் ஏற்பாடு செய்த பேயார்ட் ரஸ்டினின் கதை. எத்தனை பேருந்து, எத்தனை கழிப்பறை, குடிநீர் எங்கே, வெயிலில் கெடாத சாப்பாடு எது, ஒலிபெருக்கி எவ்வளவு தூரம் கேட்கும் என்று அந்த மனிதர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் துப்பாக்கி இல்லாத கறுப்பினக் காவலர்களைத் தொண்டர்களாகத் தயார் செய்கிறார். தன்பாலின ஈர்ப்பு உடையவர் என்பதால் சொந்த இயக்கத்துக்குள்ளேயே அவரை ஓரங்கட்டினார்கள் என்பதையும் படம் பூசிமெழுகாமல் காட்டுகிறது.

சாப்பாடு என்றதும் எங்கள் கடற்கரையிலேயே, கொஞ்சம் வடக்கே, நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் கொடுக்கவில்லை, வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். யார் கட்டினார்கள் என்று எந்த மரத்தைக் கேட்பது? அந்தப் பொட்டலங்களைக் கட்டியவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்த நடைபயணத்தின் வியூகத்தில் பாதி அவர்களுடையது.

அடுத்தது பயிற்சி. அடிக்கிறவனைத் திருப்பி அடிக்காமல் நிற்பது இயற்கையான குணம் அல்ல. ‘தி பட்லர்’ (2013) படத்தில் நாஷ்வில் நகரக் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய உணவக இருக்கைகளில் போய் உட்காரும் போராட்டத்துக்குத் தயாராகும் காட்சி இருக்கிறது. நண்பர்களே நண்பர்களைத் திட்டுகிறார்கள், முகத்தில் துப்புகிறார்கள், நாற்காலியை இழுக்கிறார்கள். கோபம் வந்தவர் அன்றே தெரிந்துவிடுவார். அவரை வெளிவேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பயிற்சியை நடத்திய ஜேம்ஸ் லாசன் 1950களில் நாகபுரியில் சில ஆண்டுகள் இருந்து காந்திய முறைகளைப் படித்தவர். கிங்கும் 1959இல் இந்தியா வந்தார், கன்னியாகுமரி வரை.

ஒழுக்கம் வெளியிலிருந்து வரக் கூடாது என்பதற்குச் சின்னப்பாலம் பெண்களைச் சொல்லலாம். மன்னார் வளைகுடாத் தீவுகளில் கடற்பாசி எடுப்பவர்கள். வனத்துறைக் கெடுபிடிகளுக்கு நடுவே, மாதத்தில் 12 நாட்கள்தான் பாசி எடுப்பது, குறிப்பிட்ட மாதங்களில் எடுப்பதே இல்லை என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவி லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. கடலை அழிக்கிறார்கள் என்று சொல்லிய அதிகாரியின் வாயை அந்த விதி அடைத்தது. உரிமை கேட்கப் போகிறவர் தன் ஒழுங்கை முதலில் காட்டினால் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது.

தலைவர் எப்போது திரும்ப வேண்டும்

‘செல்மா’வின் பாலக் காட்சிகள் மூன்று. 1965 மார்ச் 7, ஞாயிறு: சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் ஏறுகிறார்கள். அந்தப் பாலம் நடுவில் உயர்ந்து இறங்குவது. மேட்டுக்கு வந்தால்தான் அக்கரை தெரியும். வந்து பார்த்தால் மாநிலக் காவலர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். பாம்பன் சாலைப் பாலமும் படகு போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியதுதான் என்பதால் எங்கள் பையன்களுக்கு அந்த இடத்தில் விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணீர்ப்புகை, தடி, குதிரை. கிங் அன்று அங்கே இல்லை, அட்லாண்டாவில் இருந்தார். முன்னால் நின்றவர்கள் ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும். அன்றிரவு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஓடிக்கொண்டிருந்த திரைப்படத்தையே நிறுத்திவிட்டு இந்தக் காட்சிகளைக் காட்டியது.

இந்த நடைபயண யோசனை எப்படிப் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞர், தாயையும் தாத்தாவையும் காப்பாற்றப் போனபோது காவலர் ஒருவரால் சுடப்பட்டு பிப்ரவரி 26 அன்று இறந்தார். உடலையே தலைநகர் மான்ட்கோமரிக்குக் கொண்டுபோய் ஆளுநர் இருக்கும் கட்டடத்தின் படியில் வைப்போம் என்று ஆத்திரத்தில் பேச்சு எழுந்தது. அந்த ஆத்திரத்தை 54 மைல் நடைபயணமாக மாற்றியவர் ஜேம்ஸ் பெவல். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓட நினைக்கும் கூட்டத்துக்கு நடப்பதற்கு ஐந்து நாள் வேலை கொடுத்தார்.

மார்ச் 9, செவ்வாய். இந்த முறை கிங் முன்னால் இருக்கிறார். பின்னால் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த பாதிரியார்கள் உட்பட இரண்டாயிரம் பேருக்கு மேல். பாலத்தைக் கடந்ததும் காவலர்கள் வழிவிட்டு விலகுகிறார்கள். கிங் மண்டியிடுகிறார், ஜெபிக்கிறார், எழுகிறார், திரும்பி நடக்கிறார்.

“அண்ணே, வழியை விட்டுவிட்டார்களே, ஏன் திரும்பினார்? பயந்துவிட்டாரா?” என்று எல்லா முறையும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். அன்று செல்மாவில் மாணவர் அமைப்பு இளைஞர்களும் கொதிப்போடு இதையேதான் கேட்டார்கள்.

ஊர்வலத்துக்குக் கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் தற்காலிகத் தடை விதித்திருந்தார். இதுவரை அவர்கள் மீறியதெல்லாம் மாநிலத்தின் அநியாயச் சட்டங்கள். இந்த நீதிபதி அப்படிப்பட்டவர் அல்ல. முன்பே மான்ட்கோமரி பேருந்து வழக்கில் கறுப்பின மக்கள் பக்கம் தீர்ப்பளித்தவர்களில் ஒருவர். அவருடைய உத்தரவை மீறினால், பிறகு பாதுகாப்புக் கேட்டுப் போகக்கூடிய ஒரே கதவும் அடைபட்டுவிடும். திறந்த வழி பொறியாகவும் இருக்கலாம். அக்கரையில் 50 மைல் காட்டுப்பாதை. படம் இதை ஜெபத்தில் கிடைத்த முடிவுபோலக் காட்டுகிறது. வரலாறு இன்னும் கொஞ்சம் பேரம் கலந்தது: அதிபரின் தூதராக வந்த லிராய் காலின்ஸ் இரு தரப்போடும் பேசி, பாலம் வரை வந்து திரும்புவது என்ற ஏற்பாட்டைச் செய்திருந்தார். அதைக் கூட்டத்துக்கு கிங் சொல்லவில்லை. இளைஞர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் முடிவு சரியானது. மார்ச் 17 அன்று அதே நீதிபதி, இழைக்கப்பட்ட அநீதியின் அளவுக்கு எதிர்ப்பு தெரிவிக்கும் உரிமையும் இருக்க வேண்டும் என்று சொல்லி ஊர்வலத்தை அனுமதித்தார். 21ஆம் தேதி ராணுவப் பாதுகாப்போடு கிளம்பிய நடை, 25ஆம் தேதி மான்ட்கோமரியில் 25,000 பேராக முடிந்தது.

கரைவலை இழுப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்தவர்கள் இழுக்கத்தான் நினைப்பார்கள். எப்போது தளர்த்த வேண்டும் என்று சொல்ல நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும்.

ஒரு தலைவர் மட்டும் போதும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மாணவர் அமைப்பு 1963லிருந்தே செல்மாவில் வீடு வீடாகப் போயிருக்காவிட்டால் கிங் வந்து இறங்க ஊர் தயாராக இருந்திருக்காது. அமீலியா பாய்ன்டன் போன்ற உள்ளூர்ப் பெண்கள் அதற்கும் முன்பிருந்தே போராடியவர்கள். அகிம்சையை ஏற்காத கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பிப்ரவரி தொடக்கத்தில் செல்மா வந்து, கிங்கின் வேலையைக் கடினமாக்க வரவில்லை, என்னைப் பார்த்த பிறகு வெள்ளையர்கள் அவரோடு பேச விரும்புவார்கள் என்ற பொருளில் கிங்கின் மனைவி கொரெட்டாவிடம் சொன்னார். படத்தில் அந்தச் சந்திப்பு இருக்கிறது. கடுமையான ஒரு குரல் பக்கத்தில் இருந்தால் மிதமான குரலின் மதிப்பு கூடும். கிங்கும் அவரும் சேர்ந்து திட்டமிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் பலன் கிடைத்தது.

படங்கள் விட்டுவிடுபவை

‘செல்மா’வைப் பார்த்துவிட்டு அதை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் கிங் மேடையில் பேசுபவை அவருடைய சொந்தச் சொற்கள் அல்ல. அவருடைய பேச்சுகளைப் படமாக்கும் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால் இயக்குநர் ஏவா டுவர்னே அதே தொனியில் புதிதாக எழுதினார். நன்றாகவே எழுதியிருக்கிறார். அதிபர் ஜான்சனைத் தடைக்கல்லாகக் காட்டியது தவறு என்று அவருடைய பழைய உதவியாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை உண்டு. ஆனால் மார்ச் 15 அன்று ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேசும் வரை கொண்டுவந்து நிறுத்தியது செல்மாதான் என்பதை அவர்களாலும் மறைக்க முடியாது. படம் பார்த்த பிறகு ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ (1987) ஆவணத் தொடரின் ஆறாவது பகுதியைப் பாருங்கள். செல்மாவின் உண்மையான படச்சுருளும், அதில் இருந்தவர்களின் பேச்சும் அங்கே இருக்கின்றன.

இறந்தவர்களைப் படங்கள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. கிங் திரும்பிய அதே செவ்வாய் இரவு, பாஸ்டனிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளையர் பாதிரியார் தெருவில் அடிக்கப்பட்டு இரண்டு நாளில் இறந்தார். நடைபயணம் வென்று முடிந்த 25ஆம் தேதி இரவு, தொண்டர்களைத் தன் காரில் கொண்டுவிட்டுக்கொண்டிருந்த வயோலா லியூசோ சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து பிள்ளைகளின் தாய். அகிம்சை என்றால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று நினைத்து உள்ளே வருகிறவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வெற்றிக்குத் தேதி இருக்கிறது: 1965 ஆகஸ்ட் 6, வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு முன் கூட்டாட்சி அரசின் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. எந்தெந்த மாநிலங்கள் அந்த வரம்புக்குள் வரும் என்பதைத் தீர்மானித்த பிரிவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் செல்லாது என்று அறிவித்தது. வழக்குத் தொடுத்தது அதே அலபாமாவின் ஷெல்பி மாவட்டம். ‘செல்மா’ படம் திரைக்கு வந்தது அதற்கு ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு.